பி0171, பி0300, பி0304 மூன்றும் ஒன்றாக: 2004 கொரோலா, குளிரில் மட்டும் மிஸ்ஸிங்

வடலி (ஸ்கார்பரோ)

எல்லாருக்கும் வணக்கம். வாகனம் 2004 கொரோலா, 1.8 லீட்டர் 1இசட்இசட்-எஃப்இ எஞ்சின், ஓட்டோ கியர், 2,40,000 கிலோமீட்டர். இரவு முழுக்க வெளியில நிண்டு மைனஸ் 10க்குக் கீழ போன காலையில ஸ்டார்ட் பண்ணினால் ஐடிலிங் குலுங்குது. நாலைஞ்சு நிமிஷத்தில சரியாகிடும். நெடுஞ்சாலையில ஏறும்போது அக்சிலரேட்டரை அமத்தினால் சில நேரம் ஒரு வெட்டு வெட்டுது.

ஸ்கேனர் காட்டின பழுதுக் கோட்: பி0171 (லீன், காத்துக்குப் பெற்றோல் காணாது), பி0300 (பல சிலிண்டர் மிஸ்ஃபயர், சரியா எரியாமல் விடுறது), பி0304 (4ஆம் சிலிண்டர் மிஸ்ஃபயர்). பிளக் நாலும் புதுசு, டென்சோ எஸ்கே16ஆர்11. மாஃப் சென்சருக்கு (உள்ள வாற காத்தை அளக்கிறது) கிளீனர் அடிச்சாச்சு, மாற்றமில்லை. ஒரு கராஜில முன் ஓ2 சென்சரை (புகையில ஒக்சிஜனை அளக்கிறது) மாத்தச் சொல்லீனம். மாத்தலாமோ?

மிட்நைட்_கோவை (கோயம்புத்தூர்)

20 வருஷ சென்சர், ஆயுசு முடிஞ்சிருக்கும். எப்படியும் ஒருநாள் மாத்தத்தான் போறீங்க. மாத்திட்டுப் பாருங்களேன்.

காலைப்பனி (மார்க்கம்)

தம்பி, சென்சரை இப்ப தொடாதேங்கோ. பி0171 எண்டால் "ஓ2 சென்சர் பழுது" எண்டு அர்த்தமில்லை. "நான் எவ்வளவோ பெற்றோல் கூட்டிக் குடுத்தும் புகையில ஒக்சிஜன் மிச்சமாத்தான் தெரியுது" எண்டு கம்ப்யூட்டர் சொல்லுது, அவ்வளவுதான். சென்சர் இங்க சாட்சி. சாட்சி பொய் சொல்லுதோ எண்டு சோதிக்க வழி இருக்கு, அதைப் பிறகு எழுதுறன்.

முதல்ல இதுகளைத் தாங்கோ:

ஃப்ரீஸ் ஃப்ரேம் முழுக்க. கோட் விழுந்த கணத்தில கூலன்ட் சூடு, ஆர்பிஎம், லோட், வேகம், ஷார்ட் டேர்ம் ட்ரிம், லோங் டேர்ம் ட்ரிம் என்னவெண்டு. (ட்ரிம் எண்டால் கம்ப்யூட்டர் பெற்றோலை எத்தனை சதவீதம் கூட்டுது, குறைக்குது எண்டது. ஷார்ட் உடனுக்குடன் மாறும், லோங் படிச்சு வைச்சது.) கோட்டை அழிச்சால் இது போயிடும், அதால இன்னும் அழிக்காதேங்கோ.

எஞ்சின் நல்லாச் சூடானபிறகு ஐடிலில இரண்டு ட்ரிம்மும், மாஃப் எத்தனை கிராம்/செகண்ட் எண்டும். பிறகு பார்க்கில நிண்டபடி 2,500 ஆர்பிஎம்மில அரை நிமிஷம் பிடிச்சு அதே எண்கள்.

மூண்டாவது, இரவு முழுக்க நிண்ட வாகனத்தை ஸ்டார்ட் பண்ணின முதல் ஐந்து நிமிஷம் ட்ரிம் எப்படிப் போகுது எண்டு.

ஓம்_மீட்டர் (சென்னை)

ஸ்கேனர் பற்றி ஒரு வார்த்தை. 2004 கொரோலா பேசுறது ஐஎஸ்ஓ 9141 என்கிற பழைய டேட்டா முறை வழியா, ஓபிடி சாக்கெட்டில் (ஸ்கேனர் செருகும் இடம்) 7ஆம் பின். விலை குறைந்த ஈஎல்எம்327 ஸ்கேனர் அடாப்டர் நகல்களில் பல புது வண்டிகளோட கேன் லைனை மட்டும்தான் ஒழுங்காகப் படிக்கும். "கனெக்ட் ஆகலை" என்று வந்தால் வண்டியின் வயரைப் பிரிக்க ஆரம்பிக்காதீங்க, அடாப்டரை மாற்றிப் பாருங்க. 9141 வேகமும் குறைவு. ஆப்பில் நாலைந்து எண்களை மட்டும் தேர்ந்தெடுத்தால்தான் ட்ரிம் உடனுக்குடன் நகர்வது தெரியும். இருபது கேஜை அடுக்கி வைத்தால் எல்லாமே தாமதமாகத்தான் வரும்.

வடலி

நன்றி அண்ணை. ஃப்ரீஸ் ஃப்ரேம் பி0171க்கு இருக்கு:

கூலன்ட் 34 டிகிரி, ஆர்பிஎம் 1,240, வேகம் 0, ஷார்ட் +14.1, லோங் +21.9.

நல்ல சூட்டில ஐடில்: ஷார்ட் –10.2, லோங் +18.0, மாஃப் 2.1 கிராம்/செகண்ட்.
2,500 ஆர்பிஎம்: ஷார்ட் 0, லோங் +3.9.

குளிர் ஸ்டார்ட்: முதல் ஒரு நிமிஷம் ட்ரிம் 0 எண்டே நிக்குது. பிறகு ஷார்ட் விறுவிறு எண்டு ஏறி, சூடாகச் சூடாக இறங்குது.

காலைப்பனி

இந்த எண்கள் வழியைக் காட்டிட்டுது.

ஷார்ட்டையும் லோங்கையும் எப்பவும் கூட்டித்தான் பாக்க வேணும். கோட் விழுந்த நேரம் 14.1 + 21.9 = 36. எஞ்சின் கணக்குப் பாத்ததைவிட மூண்டில ஒரு பங்குக்கு மேல கூடுதல் பெற்றோல். சூட்டில –10.2 + 18.0 = +7.8. லோங் இன்னும் 18இலயே நிக்குது எண்டு பயப்பட வேண்டாம். குளிரில படிச்ச பாடத்தை அது மெதுவாத்தான் மறக்கும், அதுவரை ஷார்ட் மைனஸில போய் ஈடுகட்டுது. லோங்கை மட்டும் பாத்து "சூட்டிலயும் லீன்" எண்டு முடிவுகட்டுறவை நிறையப்பேர்.

ஐடிலில +7.8, 2,500இல +3.9. இது மாஃபைத் தாண்டி உள்ள நுழையிற காத்து. ஏன் எண்டால், ஐடிலில எஞ்சின் இழுக்கிறது 2.1 கிராம். அதில 0.3 கிராம் திருட்டு வழியால வந்தால் 14 சதவீதம். 2,500இல சும்மா சுத்தும்போது 8 கிராம் வரும், ஓட்டை அதே 0.3 கிராம்தான் விடும், அது 4 சதவீதம்கூட இல்லை. ஓட்டை மாறேல்லை, அதின்ர பங்குதான் குறையுது.

இதுக்கு எதிர்மாறா ஐடிலில ட்ரிம் நல்லா இருந்து, ஏத்தத்தில அமத்தேக்க +20, +25 எண்டு ஏறினால் பெற்றோல் வாறது காணாது, இல்லாட்டி மாஃப் குறைச்சுச் சொல்லுது. எல்லா வேகத்திலயும் ஒரே அளவாக் கூட இருந்தால் பெற்றோல் பிரஷர், மாஃப், ஓ2 சென்சருக்கு முன்னால உள்ள எக்ஸோஸ்ட் வெடிப்பு, இந்த மூண்டையும் பாக்க வேணும். எக்ஸோஸ்ட் வெடிப்பைப் பலர் மறந்துபோவினம். புகை வாற அலைக்கு அலை இடையில வெளிக்காத்து உள்ள இழுபட்டு சென்சரில படும். எஞ்சினில ஒரு குறையும் இல்லாமலே லீன் எண்டு காட்டும். குளிர் ஸ்டார்டில "டிக் டிக்" சத்தம் கேட்டு, சூட்டில அடங்கினால் அங்க சந்தேகப்படுங்கோ.

உங்கட கேஸில 34 டிகிரியில 36, சூட்டில 7.8. குளிரில திறந்து சூட்டில மூடுற ஓட்டை. இந்த எஞ்சினில அப்பிடி ஒண்டு ஊரறிஞ்சது: இன்டேக் மானிஃபோல்ட் கேஸ்கெட். மானிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காத்தைப் பிரிச்சுக் குடுக்கிற குழாய்த் தொகுதி) பிளாஸ்டிக், அது பூட்டுப்படுற எஞ்சின் ஹெட் அலுமினியம். குளிரில ரெண்டும் ஒரே அளவாச் சுருங்காது. இடைவெளியை நிரப்ப வேண்டிய ரப்பர் வருஷக்கணக்கில இறுகி, மீண்டு எழும்பாது. டொயோட்டாவே இதுக்கு சர்வீஸ் புல்லட்டின் வெளியிட்டு, திருத்தின கேஸ்கெட் குடுத்தது. பாட்ஸ் கவுண்டரில சேஸி இலக்கம் சொல்லித் திருத்தின கேஸ்கெட் எண்டு கேட்டு வாங்குங்கோ. பழைய ஸ்டொக் கைக்கு வரக்கூடாது.

ஆனால் ஊரறிஞ்சது எண்டதுக்காகக் கழட்டாதேங்கோ. முதல்ல நிரூபிக்க வேணும்.

காலைப்பனி

நிரூபிக்கிற விதம். வாகனம் இரவு வெளியில நிண்டிருக்க வேணும். சூடான கராஜுக்குள்ள ரெண்டு மணித்தியாலம் நிண்ட வாகனத்தில ஸ்மோக் டெஸ்ட் செய்து "ஓட்டை இல்லை" எண்டு எழுதிக் குடுத்தால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை.

ஸ்மோக் மெஷின் கிடைச்சால் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல், குளிரிலேயே, 1 பிஎஸ்ஐக்கு மேல போகாமல் புகை விடுங்கோ. ஏர் ஃபில்டர் பக்கத்து ஹோஸை அடைச்சு, பிரேக் பூஸ்டர் வழியாவோ வேற வாக்யூம் குழாய் வழியாவோ ஏத்தலாம்.

மெஷின் இல்லையெண்டால் ஸ்டார்ட் பண்ணி முதல் ரெண்டு மூண்டு நிமிஷத்துக்குள்ள, கார்ப் கிளீனரை மெல்லிய குழாயால, மானிஃபோல்ட் ஹெட்டில ஒட்டுற விளிம்பில ஒவ்வொரு போர்ட்டா அரைச் செகண்ட் அடியுங்கோ. ஆர்பிஎம் மாறினால், இல்லாட்டி ஷார்ட் ட்ரிம் சட்டெண்டு விழுந்தால், அந்த இடம்தான். ஒரு இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் இடையில பத்துச் செகண்ட் விடுங்கோ. திறந்த வெளியில செய்யுங்கோ, தீயணைப்பான் பக்கத்தில வையுங்கோ, எக்ஸோஸ்ட் சூடேறினபிறகு அடிக்க வேண்டாம்.

முதல் நிமிஷம் ட்ரிம் 0இல நிண்டது பழுதில்லை. ஓ2 சென்சர் சூடாகும்வரை கம்ப்யூட்டர் அதைக் கேக்காது. அந்த நேரம் ட்ரிம்மைப் பாக்காமல் ஆர்பிஎம்மைப் பாருங்கோ.

அதோட பிசிவி ஹோஸ் (எஞ்சினுக்குள்ள உள்ள ஆவியைத் திரும்ப இழுக்கிறது), பிரேக் பூஸ்டர் ஹோஸ், பர்ஜ் வால்வுக்கு (பெற்றோல் ஆவியை எஞ்சினுக்கு விடுறது) போற சின்னக் குழாய், ஏர் ஃபில்டருக்கும் த்ரோட்டில் பொடிக்கும் இடையில உள்ள மடிப்பு ரப்பர் டக்ட், இதுகளையும் பாருங்கோ. டக்ட் மடிப்புக்குள்ள வெடிச்சிருந்தால் வெளியில தெரியாது, கையால வளைச்சு விரிச்சுப் பாக்க வேணும். பர்ஜ் வால்வு திறந்தபடி இறுகிச்சோ எண்டு பாக்கிறது சுலபம்: ஐடிலில கனிஸ்டர் (பெற்றோல் ஆவி சேருற பெட்டி) பக்கத்துக் குழாயைக் கழட்டி விரலை வையுங்கோ. எஞ்சின் குளிரா இருக்கேக்க அது இழுக்கக் கூடாது.

மிட்நைட்_கோவை

ஓ2 சென்சர் பொய் சொல்லலைன்னு எப்படி உறுதி பண்றது? அதைச் சொல்லலையே.

காலைப்பனி

சூடான எஞ்சினில ஏர் டக்ட் வழியா கொஞ்சம் புரோப்பேன் விடுங்கோ. நல்ல சென்சர் எண்டால் வோல்டேஜ் 0.8க்கு மேல உடன ஏறும், ஷார்ட் ட்ரிம் மைனஸுக்குப் பாயும். காஸை நிப்பாட்டி ஒரு வாக்யூம் ஹோஸை இழுத்து விட்டால் 0.2க்குக் கீழ உடன விழ வேணும். ரெண்டு பக்கமும் வேகமாப் போய் வந்தால் சாட்சி நல்ல சாட்சி. மேல ஏற ஆறுதலா நேரம் எடுத்தால், இல்லாட்டி 0.6ஐத் தாண்டாட்டித்தான் சென்சருக்குக் காசு செலவழியுங்கோ. இந்தக் கணக்கு 0 முதல் 1 வோல்ட் வரை ஆடுற பழைய வகைச் சென்சருக்கு. ஏஎஃப் சென்சர் (காத்து-பெற்றோல் விகிதத்தை அளக்கிறது) பூட்டின வாகனங்களில எண்கள் வேற.

ஓம்_மீட்டர்

மிஸ்ஃபயர் பக்கம் யாரும் இன்னும் வரலை. என் கருத்தில் இந்த மாதிரி கேஸில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, லீன் ஆனதால் மிஸ் ஆகுதா, மிஸ் ஆனதால் லீன்னு காட்டுதா என்பது.

ஸ்பார்க் விழாத சிலிண்டரில் பெட்ரோலும் எரியாது, ஆக்சிஜனும் எரியாது. அந்த ஆக்சிஜன் முழுசாக எக்ஸாஸ்டுக்குப் போகும். ஓ2 சென்சருக்குப் பெட்ரோல் கண்ணில் படாது, ஆக்சிஜன்தான் தெரியும். உடனே ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) நாலு சிலிண்டருக்கும் பெட்ரோலைக் கூட்டும். ஆக, காயில் (பிளக்குக்கு உயர் வோல்ட் கொடுப்பது) ஒன்று செத்தாலே பி0171 வரலாம். இப்படி வந்தால் சைலன்சரில் பெட்ரோல் வாடை தூக்கும், மற்ற மூணு பிளக்கும் கறுத்திருக்கும். உண்மையான லீனில் பிளக் வெளுத்திருக்கும், வாடை வராது.

இங்கே 2,500 ஆர்பிஎம்மில் ட்ரிம் +3.9தான். காயில் எப்போதும் செத்திருந்தால் இவ்வளவு குறைவாக வராது. அதனால் குளிர் ஐடிலில் வரும் பி0300 லீனோட பிள்ளை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் "ஏறும்போது அமுக்கினால் வெட்டுது" என்கிற பி0304 எனக்கு வேறாகத் தெரியுது. ஏற்றத்தில் மானிஃபோல்ட் வாக்யூம் கிட்டத்தட்ட இல்லை. கேஸ்கெட் ஓட்டை அங்கே ஒன்றும் செய்யாது.

காலைப்பனி

சரியாச் சொன்னீங்கள். ரெண்டு பழுது எண்டுதான் நானும் நினைக்கிறன். ஃப்ரீஸ் ஃப்ரேம் ஒண்டுதான் சேமிக்கப்படும், அதில பி0171 உக்காந்திட்டுது. தம்பி, லீனை முதல்ல முடியுங்கோ. பிறகு அழிச்சுப்போட்டு ஓடினால் பி0304 தன்ர ஃப்ரீஸ் ஃப்ரேமோட தனிய வரும்.

ஓடேக்க செக் எஞ்சின் லைட் விட்டு விட்டு மின்னினால் அக்சிலரேட்டரில இருந்து காலை எடுங்கோ. எரியாத பெற்றோல் புகையைச் சுத்தமாக்கிற கட்டலிட்டிக் கொன்வேர்ட்டருக்குள்ள போய் எரிஞ்சு அதை உருக்கும். காயில் விலையையும் கொன்வேர்ட்டர் விலையையும் ஒப்பிட்டால் ஏன் சொல்லுறன் எண்டு விளங்கும்.

கரம்பொன் (யாழ்ப்பாணம்)

இங்க பழைய சுசுகி, மாருதி வாகனங்கள் கூட. அதுகளில மாஃப் இல்லை, எம்ஏபி சென்சர்தான். மேல சொன்ன ஐடில்-2,500 கணக்கு அதுகளுக்கும் சரிவருமோ?

ஓம்_மீட்டர்

அப்படியே பொருந்தாது. எம்ஏபி எஞ்சின் காற்றை அளப்பதில்லை, மானிஃபோல்டில் உள்ள அழுத்தத்தை அளந்து கணக்குப் போடுது. எந்த வழியில் காற்று வந்தாலும் அழுத்தம் கூடும், பெட்ரோலும் கூடும். வாக்யூம் லீக் ஆனால் லீன் கோடு வருவதைவிட ஐடிலிங் ஆர்பிஎம் ஏறி நிற்பதுதான் முதலில் தெரியும், ஐடில் வால்வு முழுக்க மூடியும் ஆர்பிஎம் இறங்காது. அதனால் எம்ஏபி வண்டியில் பி0171 வந்தால் நான் முதலில் பெட்ரோல் பிரஷர், பிறகு இன்ஜெக்டர், பிறகு எக்ஸாஸ்ட் லீக் என்றுதான் போவேன். ஒரே போர்ட்டை ஒட்டிய ஓட்டை மட்டும் விதிவிலக்கு: எம்ஏபி சராசரியைத்தான் பார்க்கும், அந்த ஒரு சிலிண்டர் மட்டும் லீனாகி மிஸ் அடிக்கும்.

மிட்நைட்_கோவை

இதே 1இசட்இசட் கொரோலா இந்தியாவிலும் ஓடுது, அந்த நண்பர்களுக்காக: இ20 பெட்ரோலையும் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) கணக்கில் எடுங்க. சுத்த பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று, இ10க்கு 14.1 அளவு, இ20க்கு 13.5ஐ ஒட்டி. பழைய ஈசியூ 14.7ஐ நம்பி ட்யூன் ஆனது. எந்தப் பழுதும் இல்லாமலே இ20இல் ட்ரிம் 7, 8 வரை பிளஸில் நிற்கும். லீன் கோடு விழும் எல்லை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பல வண்டிகளில் 25க்குப் பக்கம். அதில் மூணில் ஒரு பங்கை எத்தனாலே சாப்பிட்டு விடுது. முன்னே கோடு போடாத சின்ன ஓட்டை இப்போ போடும். அதற்காக எத்தனாலைக் குற்றம் சொல்லி ஓட்டையை விடாதீங்க, ஓட்டையை அடைத்தால் 8இல் வண்டி நிம்மதியாக ஓடும்.

கேஸ் கிட் போட்ட வண்டி என்றால் கிட்டுக்காக இன்ஜெக்டர் வயரை வெட்டி ஒட்டிய இடங்களை முதலில் பாருங்க. அங்கே பச்சை பூத்தால் ஒரு சிலிண்டர் விட்டு விட்டு நிற்கும். கேஸில் ஓடும்போது கற்ற ட்ரிம்மை பெட்ரோலுக்கு எடுத்து வந்து குழப்பும் கிட்டும் உண்டு. ட்ரிம் பார்ப்பதற்கு முன் ரெண்டு நாள் பெட்ரோலில் மட்டும் ஓட்டுங்க.

வடலி

மைனஸ் 13இல காலைமை ஸ்டார்ட் பண்ணி அடிச்சுப் பாத்தது. 3, 4 போர்ட்டுக்கு இடையில அடிக்க ஆர்பிஎம் ஏறி ஐடிலிங் ஒழுங்காகுது. 1, 2இல மாற்றமில்லை. பிசிவி, பூஸ்டர், டக்ட், பர்ஜ் எல்லாம் நல்லா இருக்கு. கேஸ்கெட் மாத்தேக்க என்ன கவனிக்க வேணும்?

காலைப்பனி

பற்றறி நெகட்டிவைக் கழட்டிப்போட்டுத் தொடங்குங்கோ. எஞ்சின் ஆறியிருக்க வேணும். த்ரோட்டில் பொடிக்கு வாற ரெண்டு கூலன்ட் குழாயைக் கழட்டேக்க கொஞ்சம் ஒழுகும், துணி வையுங்கோ, கடைசியில கூலன்ட் மட்டம் பாத்து நிரப்புங்கோ. வாக்யூம் குழாய் ஒவ்வொண்டுக்கும் டேப் ஒட்டி எழுதி, படம் எடுத்து வையுங்கோ. குளிரில பிளாஸ்டிக் கிளிப்புகள் முறியும், சூடான இடத்தில செய்யிறது நல்லது.

மானிஃபோல்ட் வெளியில வந்தவுடன ஹெட் போர்ட்டுகளுக்குள்ள சுத்தமான துணி அடையுங்கோ. ஒரு நட் உள்ள விழுந்தால் ஹெட்டைக் கழட்டுற வேலை. எத்தனை துணி எண்டு எண்ணி, பூட்டேக்க அத்தனையும் வெளியில வந்ததோ எண்டு பாருங்கோ.

ஹெட் முகத்தை இரும்பால சுரண்ட வேண்டாம், அலுமினியம் கீறுப்படும். துணியும் பிளாஸ்டிக் சுரண்டியும் போதும். கேஸ்கெட் மானிஃபோல்ட் பள்ளத்துக்குள்ள உக்காரும். சிலிக்கன், ஆர்டிவி ஒண்டும் பூச வேண்டாம். பள்ளத்தில ஊத்தை இருந்தால் புதுக் கேஸ்கெட்டும் மேல தூக்கி நிக்கும். மானிஃபோல்ட் முகத்தில நேர்விளிம்பு ஒண்டை வைச்சு வளைஞ்சிருக்கோ எண்டு பாருங்கோ. வளைஞ்ச மானிஃபோல்டுக்கு எந்தக் கேஸ்கெட்டும் உதவாது.

நட், போல்ட் எல்லாத்தையும் கையால பிடிக்கவைச்சு, நடுவில தொடங்கி வெளிப்பக்கமா, ரெண்டு மூண்டு சுற்றில இறுக்குங்கோ. டோர்க் ரென்ச் கட்டாயம். ஒரு பக்கத்தை முழுசா இறுக்கிப்போட்டு மறுபக்கம் போனால் பிளாஸ்டிக் வளைஞ்சு திரும்பவும் அதே கதை.

முடிஞ்சதும் கோடையும் ட்ரிம்மையும் அழியுங்கோ. அழிக்காட்டி பழைய +18இலயே கொஞ்ச நேரம் ஓடி ரிச்சா (பெற்றோல் கூடி) மணக்கும்.

வடலி

மாத்தியாச்சு. பழைய கேஸ்கெட் தட்டையாகி, மடிச்சால் முறியிற அளவுக்கு இறுகியிருந்தது. மைனஸ் 14இல குளிர் ஸ்டார்ட் மொத்த ட்ரிம் +5.5, சூட்டில ஐடில் +3.1, 2,500இல +2.3. குலுக்கல் இல்லை.

ஆனால் பி0304 தனிய வந்திட்டுது: கூலன்ட் 89, ஆர்பிஎம் 2,310, லோட் 81, வேகம் 74.

ஓம்_மீட்டர்

எதிர்பார்த்ததுதான். லோட் (எஞ்சின் சுமை) 81 என்றால் சிலிண்டருக்குள் காற்று நெருக்கமாக இருக்கு, பிளக் இடைவெளியைத் தாண்ட காயில் அதிக வோல்ட் கொடுக்கணும். பலவீனமான காயில் ஐடிலில் சமாளிக்கும், இங்கே தோற்கும். லீன் கலவைக்கும் கூடுதல் வோல்ட் தேவை. தேயத் தொடங்கிய காயிலை லீன் பழுது முன்கூட்டியே காட்டிக் கொடுக்கும், இரண்டு பழுதும் சேர்ந்து வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

4ஆம் காயிலை 2க்கு மாற்றுங்க. பிளக்கைத் தொடாதீங்க. ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது. கோடு பி0302 ஆனால் காயில். பி0304ஆகவே இருந்தால் பிளக்கை மாற்றிப் போடுங்க. அதற்கும் நகரவில்லை என்றால் இன்ஜெக்டர்: கனெக்டரைக் கழற்றி ஓம் பாருங்க, நாலும் 14 ஓமை ஒட்டி ஒரே மாதிரி இருக்கணும். கடைசியாக கம்ப்ரஷன்: 145 பிஎஸ்ஐக்குக் கீழே போகக் கூடாது, சிலிண்டருக்குச் சிலிண்டர் 15க்கு மேல் வித்தியாசம் கூடாது.

காயில் கழற்றும்போது குழிக்குள் ஆயில் நிற்குதா பாருங்க. நின்றால் வால்வு கவர் கேஸ்கெட். ஆயிலைத் துடைக்காமல் பிளக்கைக் கழற்றினால் சிலிண்டருக்குள் போகும். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சில் கோடு மாதிரி கறுப்பு இருந்தால் ஸ்பார்க் வெளியே வழிந்து ஓடியிருக்கு. அப்போது காயிலின் ரப்பர் பூட் (பிளக்கை மூடும் உறை) உள்ளேயும் அதே கோடு இருக்கும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதுசைக் கெடுக்கும், இரண்டையும் மாற்றணும்.

பி0354 வந்தால் கதை வேறு: இந்தக் காயிலுக்குள்ளேயே இக்னைட்டர் இருக்கு, நாலு பின். "ஸ்பார்க் கொடுத்தேன்" என்று அது திருப்பி அனுப்பும் சிக்னல் ஈசியூவுக்கு வரலை என்று அர்த்தம். காயில் வாங்குவதற்கு முன் வயரையும் கனெக்டரையும் பாருங்க.

வடலி

4ஐ 2க்கு மாத்தினது. அடுத்த ஏத்தத்தில பி0302. பழைய காயில் பூட்டில கறுப்புக் கோடு இருக்கு, 4ஆம் பிளக்கிலயும் இருக்கு. நாலு காயிலையும் மாத்தவோ?

காலைப்பனி

ஒரு காயில், ஒரு பிளக். மற்ற மூண்டின்ர ரப்பரையும் கழட்டிப் பாருங்கோ. வெடிப்போ கோடோ இருந்தால் ரப்பர் பூட் மட்டும் தனியவும் விக்குது. நாலு மலிவுக் காயிலைவிட ஒரு நல்ல காயில் மேல். இணையத்தில நாலு சேர்த்து அடிமாட்டு விலைக்கு வாறதை இந்த எஞ்சினில போட வேண்டாம். இரிடியம் பிளக்கிலயும் போலி நிறைய உலாவுது, கவுண்டரில வாங்குங்கோ. கேப் 1.1 மில்லிமீட்டர், கட்டையால தட்டிச் சரிசெய்யப் போகாதேங்கோ, நுனி முறியும். பூட் வாய்க்குள்ள டைஎலக்ட்ரிக் கிரீஸ் சும்மா ஒரு தடவல். பிளக்கை முதல்ல கையாலதான் சுத்தி இறக்க வேணும்.

பிறகு கோடை அழிச்சு, ரெண்டு மூண்டு குளிர் ஸ்டார்ட்டும் ஒரு நீண்ட ஏத்தமும் ஓடி, பெண்டிங் கோட் (ஒருமுறை தெரிஞ்சும் லைட் போடாத கோட்) பக்கத்தையும் பாருங்கோ. பி0171உம் மிஸ்ஃபயரும் அடுத்தடுத்த ரெண்டு ஓட்டத்தில தெரிஞ்சால்தான் லைட் எரியும். லைட் எரியேல்லை எண்டால் போதாது, பெண்டிங்கும் வெறுமையா இருக்க வேணும்.